புகை அடங்கட்டும்

சைலஸுக்குத் தெரிந்த சட்டம் ஒன்றே ஒன்றுதான்: வெடி வைத்த இடத்தில் புகை அடங்காமல் கால் வைக்கக் கூடாது. சுரங்கத்தில் இருபத்தெட்டு வருஷம் வெடி வைத்த மனுஷன். ஒருமுறை வெடி வைத்ததும், உள்ளே மாட்டிக்கொண்ட ஒருவன் குழாயைத் தட்டும் சத்தம் கேட்டு, அவர் தம்பி ஸ்டீவன் புகைக்குள் ஓடினான். தட்டினவன் பிழைத்தான், ஓடினவன் செத்தான். அன்றிலிருந்து இதைச் சொல்லிச் சொல்லி ஆண்டர்சன்பேட்டைக்கே காது புளித்துவிட்டது.

போன டிசம்பரில் ஒரு காலை, பயிற்சி விமானம் ஒன்று இன்ஜின் நின்றுபோய், சத்தமில்லாமல் சயனைடு மேட்டில் இறங்கியது. தங்கம் பிரித்தெடுத்த சுரங்கக் கழிவு மண் குவிந்த மேடு அது. மேலேயிருந்து பார்த்தால், பாவம், மைதானம் மாதிரிதானே தெரியும்! மழை அறுத்த பள்ளத்தில் சக்கரம் சிக்கி, விமானம் குப்புறக் கவிழ்ந்தது. வெள்ளைப் புழுதி எழும்பி மொத்தமாக மூடிக்கொண்டது.

பக்கத்து வீட்டு ரோனியும் நாலு பேரும் ஓடினார்கள். வாக்கிங் வந்த சைலஸ் கையை விரித்து மறித்தார்.

"போவாதீங்கடா! புகை அடங்கட்டும்!"

"அங்கிள், அது வெறும் புழுதி!"

"உனக்கு இன்னா தெரியும்? உள்ள பெட்ரோல் கீது!"

அப்போதுதான் கேட்டது, தகரத்தில் டொக் டொக்கென்று.

"பாத்தியா? தட்டறாங்க. தட்டறவங்க தாங்குவாங்க." சைலஸ் முகத்தில் நிம்மதியே வந்துவிட்டது. தம்பியைப் பறிகொடுத்த மனுஷன் பேச்சை யார் மீறுவது? எல்லாரும் நின்றுவிட்டார்கள்.

காற்றே இல்லாத காலை. புழுதி படிய இருபது நிமிஷம் ஆயிற்று. தட்டல் பாதியிலேயே நின்றுபோயிருந்தது. பத்தொன்பது வயசுப் பெண், தனியாக ஓட்டி வந்தவள், பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கினாள். தொடையில் ஒரு வெட்டு, அவ்வளவுதான். ஒரு துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தால் ரத்தம் நின்றிருக்கும். துண்டு சைலஸ் தோளிலேயே கிடந்தது.

எட்டாம் நாள் அவள் அப்பா மனோகர் பெங்களூரிலிருந்து வீடு தேடி வந்தார். சைலஸ் மனைவி ஜெயமேரி காபி கொடுத்தாள். அவர் குடிக்கவில்லை.

"ஐயா, நீங்க அங்கயே இருந்தீங்களாம். என் ஷில்பா உடனே போயிட்டாளா? கஷ்டப்படலையே?"

ஆமான்னு சொல்லித் தொலையேன் என்று ஜெயமேரி புருஷனைக் கண்ணாலேயே கெஞ்சினாள். அந்தப் பொய்யைக் கர்த்தரே மன்னித்திருப்பார்.

"இல்ல சார்," என்றார் சைலஸ். "பத்து நிமிஷம் தட்டிச்சு. நான்தான் யாரையும் உள்ள விடல."

மனோகர் குடிக்காத காபியை ஸ்டூலில் வைத்தார். பிறகு கேட்டார்: "எப்படித் தட்டினா?"

சைலஸ் விரலை மடக்கி, ஸ்டூலில் தட்டிக் காட்டினார்.