ஆரோகசாமிக்கு வந்த பத்திரிகை

போன வாரம் காந்திபுரத்தில் ஒரு செல்போன் ரிப்பேர் கடையில் உட்கார்ந்திருந்தேன். கூட என் தம்பி மகள். கடைக்காரர் சூடான முனையை ஈயக் கம்பியில் வைத்ததும் பிசின் கருகுகிற புகை சுருண்டு எழுந்தது. மல்லிகைப்பூ வாசத்தில் இளமை ஞாபகம் வருகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள். எனக்கு வருவது இந்தப் புகையில்தான். அந்த நேரம் பார்த்து அவள் கேட்டாள்: "அத்தை, எலக்ட்ரானிக்ஸ் பத்திரிகை ஒண்ணு இன்னும் அச்சுல வருதாம். சந்தா கட்டலாமா? எல்லாந்தான் வீடியோவுல இருக்குதே, வேஸ்டா?"

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

"இதுல யோசிக்க என்ன இருக்குது?" என்று சிரித்தாள்.

இருக்கிறது. அவளிடம் சொல்ல முடியவில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

தொண்ணூற்று மூன்றில் டிப்ளமா முடித்த கையோடு பீளமேட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் சேர்ந்தேன். சொந்த ஊர் காங்கேயம் பக்கம், தங்கியது லேடீஸ் ஹாஸ்டலில். டெஸ்டிங் செக்ஷனில் நான் ஒருத்திதான் பெண். எனக்கென்று தனி மேசை, தனி ஃபேன், ஒரு பச்சைத் திரை எல்லாம் போட்டுக்கொடுத்திருந்தார்கள், ஏதோ பிரசவ வார்டு மாதிரி. அந்தத் திரையைத் தாண்டி வந்து முதலில் பேசியவர் ஆரோக்கியசாமி அண்ணன். பேனல் வயரிங் செய்பவர். இருபத்தெட்டு வயது, ஐடிஐ படிப்பு. அப்பா அம்மா அன்னூர்ப் பக்கம் தோட்டக் கூலி வேலைக்குப் போனவர்கள். "எங்க ஊட்டுக்குக் கரண்டு வந்தன்னைக்கே மொதல்ல ஷாக் அடிச்சது எனக்குத்தானுங்க. அப்பவே முடிவு பண்ணிப்போட்டேன்" என்பார்.

அவர் கையில் ஒரு பத்திரிகை இருந்தது. உக்கடத்துப் பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஆங்கில மாத இதழ். வீட்டிலேயே எலக்ட்ரானிக்ஸ் செய்து பார்க்கிறவர்களுக்கானது. "அம்மணி, இதுல அவன் என்ன சொல்றான்னு மட்டும் சொல்லுங்க. எப்படிச் செய்யறதுன்னு நான் பாத்துக்கறனுங்க."

அப்படித்தான் ஆரம்பித்தது. எனக்கு ஆங்கிலம் வரும், ஆனால் ஈயம் வைத்தால் பாதி என் துப்பட்டாவில் இருக்கும். அவருக்கு நேர்மாறு. கேன்டீனில் உட்கார்ந்து இரண்டு பேரும் ஒரே பத்திரிகைக்குள் தலையை விட்டிருந்தால் ஊர் சும்மா இருக்குமா? பேச்சு மதுக்கரையில் இருந்த அவர் மனைவி லூர்து அக்கா வரைக்கும் போயிற்று. அக்கா சண்டைக்கு வரவில்லை. "அந்தப் புள்ளைய ஊட்டுக்கு வரச் சொல்லுங்க. கேன்டீன் சோத்துல எப்படித்தான் மூளை வேல செய்யும்?" என்று சொல்லி அனுப்பினார். அதன்பிறகு என் ஞாயிற்றுக்கிழமைகள் மதுக்கரையில்தான் கழிந்தன. வரிசை வீடுகள், வேப்பிலையில்கூட சிமென்ட் ஆலைத் தூசிப் பூச்சு, சர்ச்சில் பூசை முடிந்து வந்து அக்கா வைக்கிற கோழிக் குழம்பு.

தொண்ணூற்று நாலில் அண்ணன் அந்தப் பத்திரிகைக்குச் சந்தா கட்டினார். ஒரு வருடத்துக்கு அல்ல, மூன்று வருடத்துக்கு. அப்படிக் கட்டினால் ஈயம் வைக்கிற சால்டரிங் அயர்ன் ஒன்று இலவசமாம்.

"மூணு வருசத்துக்கா?" என்றார் அக்கா.

"வருசா வருசம் போஸ்டாபீசுல எவன் நிக்கறது?" என்றார் அண்ணன்.

பத்திரிகை பழுப்புத் தாள் உறைக்குள் சுருட்டி வரும். உறையில் புள்ளிப் புள்ளியாக ஆங்கிலத்தில் அச்சடித்த முகவரி. அதில் அவர் பெயரில் நடு எழுத்துகள் விட்டுப்போய் 'ஆரோகசாமி' என்று இருக்கும். அண்ணனுக்கு அது பொறுக்கவில்லை. திருத்தச் சொல்லி என்னை வைத்து மூன்று கடிதம் எழுதினார். ஒன்றுக்கும் பதில் இல்லை. தபால்காரருக்கோ அதுவே பிடித்துப்போயிற்று. சைக்கிளில் இருந்து இறங்காமலே "ஆரோகசாமீ...!" என்று ராகம் போட்டுக் கூப்பிடுவார். கம்பெனியிலும் அந்தப் பெயர் பரவியது. பரப்பியது நான்தான்.

அந்தப் பத்திரிகையைப் பார்த்து நாங்கள் செய்ததில் உருப்படியானது ஒன்றே ஒன்று. அவர்கள் வீதிக்குத் தண்ணீர் நாலைந்து நாளுக்கு ஒருமுறை வரும், எப்போது என்று தெரியாது. அக்கா குழாயடியிலேயே காத்துக் கிடப்பார். குழாய் வாயில் இரண்டு கம்பிகளை நீட்டி, தண்ணீர் பட்டதும் பாட்டுத்துண்டு ஒலிக்கிற மாதிரி ஒரு சின்னப் பெட்டி செய்தோம். முதல் தடவை அது பாடியபோது அக்கா குடத்தைக் கீழே போட்டுவிட்டார். "குழாய்க்கு வாய் வந்துருச்சுங்க!" என்று வீதி முழுக்கச் சொல்லிவந்தார்.

எட்டு இதழ்கள் வந்திருந்தன. ஒரு திங்கட்கிழமை அண்ணன் வேலைக்கு வந்தபோது கண் மஞ்சளாக இருந்தது. "நேத்து மாங்கா ஜாஸ்தி தின்னுபோட்டேன்" என்றார். கீழாநெல்லி கொடுத்தார்கள், பிறகு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூன்று வாரம். அவ்வளவுதான். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அக்கா ஒரு பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டும் வேலைக்குப் போக ஆரம்பித்தார்.

அடுத்த மாதம் நான் போனபோது ஒன்பதாவது இதழ், பிரிக்காமல், அண்ணனுடைய அலமாரியில் நின்றது. "வந்துருக்குதுங்க, கண்ணு" என்றார் அக்கா. நிறுத்தச் சொல்லி எழுதிவிடட்டுமா என்று கேட்டேன்.

"எதுக்குங்க? வந்துட்டுப் போகட்டும்."

இருபத்தெட்டு மாதம் வந்தது. மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போவேன். குழாய்ப் பெட்டிக்கு பேட்டரி மாற்றுவேன். பிறகு அக்கா இதழை எடுத்து வந்து என் மடியில் வைப்பார். நான் உறையை உருவிவிட்டு ஒவ்வொரு பக்கமாகச் சொல்லவேண்டும். இது கொசு விரட்டும் கருவி, இது வாசல் மணி. எல்லாவற்றுக்கும் அக்கா ஒரே கேள்விதான் கேட்பார்: "இத அவரு செஞ்சிருப்பாருங்களா?"

"செஞ்சிருப்பாருக்கா."

"இது?"

"இது மாட்டாரு. இதுக்குச் சாமான் நம்மூர்ல கிடைக்காது."

"பெங்களூர்ல இருந்து வரவச்சிருப்பாருங்க" என்று கோபித்துக்கொள்வார். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் எங்களோடு உட்கார்ந்திருந்தார் என்று சொன்னால் நீங்கள் சிரிக்கக்கூடாது. பக்கத்தைத் திருப்பும்போது இடது பக்கம் ஓர் ஆள் குனிந்து பார்க்கிற மாதிரி இருக்கும். நான் சற்று வலது பக்கம் தள்ளி உட்காருவேன். ஒருநாள் கவனித்தேன், அக்காவும் அப்படித்தான் தள்ளி உட்கார்ந்திருந்தார்.

தொண்ணூற்று ஏழில் பத்திரிகையில் பாதிக்குமேல் கம்ப்யூட்டர் ஆகிவிட்டது. "இது அவருக்குப் புடிச்சிருக்குமுங்களா?" என்று அக்கா கேட்டபோது முதல்முறையாக எனக்குப் பதில் தெரியவில்லை. அண்ணன் கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லை. "தெரியலக்கா" என்றேன். அன்றைக்கு இடது பக்கம் யாரும் இல்லை.

கடைசி இதழுக்குள் ஒரு மஞ்சள் சீட்டு இருந்தது. சந்தா முடிந்தது, புதுப்பிக்கவும்.

"இன்னொருக்காக் கட்டலாங்களா? கட்டறதுல பிரயோசனம் இருக்குங்களா?" என்று அக்கா கேட்டார். என்னைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக் கேட்டார்.

"கட்டலாம்க்கா" என்றேன்.

படிவத்தை ஹாஸ்டலுக்கு எடுத்துப்போனேன். பெயர் என்ற இடத்தில் பேனா நின்றது. எனக்கு அப்போது இருபத்து நாலு வயது, உலகத்துப் பெண்களையெல்லாம் திருத்திவிடுகிற உத்தேசத்தில் இருந்தேன். எத்தனை காலத்துக்கு ஒரு பெண் செத்துப்போனவர் பெயரைச் சுமப்பது, இவருக்கென்று ஒரு பெயர் இல்லையா என்று தோன்றியது. கொட்டை எழுத்தில் 'லூர்து மேரி' என்று எழுதினேன். அக்காவிடம் சொல்லவில்லை. உறையில் தன் பெயரைப் பார்த்துப் பூரித்துப்போவார் என்று நினைத்து, நான் முன்கூட்டியே பூரித்துக்கொண்டிருந்தேன்.

இதழ் வந்திருக்கும் என்று கணக்குப் பண்ணி ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். அது அலமாரியில் இல்லை. உறை பிரிக்காமல் ஜன்னல் மேட்டில், அடுத்த வீட்டுத் தபால் மாதிரி கிடந்தது.

"ஏனுங்க கண்ணு, இது ஆருக்கு வந்துருக்குதுங்க?"

"உங்களுக்குத்தான்க்கா. உங்க பேருதான் போட்டிருக்குது."

அக்கா உறையை வாங்கி விரலால் தடவிப் பார்த்தார். "எம் பேருங்களா..." என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "எனக்கு இங்கிலீசு படிக்கத் தெரியாதுங்க. அவரு பேரு மட்டுந்தான் பாத்துப் பாத்துப் பழகிருச்சு. அந்த எழுத்து வுட்டுப்போன பேரு. அவரு போனப்பறம் போஸ்ட்மேன் புஸ்தகத்தச் சத்தமில்லாமக் குடுத்துட்டுப் போனாருங்க. நாந்தான் மறிச்சு, எப்பயும் போலப் பேரச் சொல்லியே கூப்புடுங்கன்னு சொன்னேன். அவரும் கூப்புட்டாரு, மாசா மாசம். நான் உள்ளார இருந்துட்டு, வாரேன்னு சொல்லிட்டுப் போயி வாங்குவேன். இந்த மாசம் 'லூர்து மேரீ'ன்னு ஒரு சத்தம். ஆரையோ கூப்புடறாங்கன்னு நான் போகவே இல்லீங்க. கதவுக்கடியில போட்டுட்டுப் போயிட்டாரு."

அக்கா எழுந்துபோய் டீ வைத்தார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மறுநாளே பத்திரிகைக்கு எழுதினேன், பழைய பெயருக்கே மாற்றித் தரும்படி. இந்தத் தடவை பார்த்து அவர்கள் பதில் போட்டார்கள். இரண்டு மாதம் கழித்து உறை வந்தது. எல்லா எழுத்தும் சரியாக, ஆரோக்கியசாமி. அக்கா அதைக் கையில் வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது வேற ஆரோங்க" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று முந்தானையை வாயில் வைத்து அழுதார். அண்ணன் இறந்த அன்றுகூட அவர் அப்படி அழுது நான் பார்க்கவில்லை.

அந்த வருடம் முடிந்ததும் சந்தாவைப் புதுப்பிக்கவில்லை. கொஞ்ச நாளில் அக்கா அன்னூரில் தம்பி வீட்டோடு போய்விட்டார். போகும்போது இதழ்களையெல்லாம் எனக்குக் கொடுத்தார். உறைகளை மட்டும் இஸ்திரி போட்ட மாதிரி நீவி, ரிப்பன் கட்டி, தன் பெட்டியில் வைத்துக்கொண்டார். எனக்குக் கல்யாணமாகி நாலு வீடு மாறியதில் இதழ்களைக் கரையான் தின்றது. மதுக்கரை வரிசை வீடுகளை இடித்துவிட்டார்கள். அங்கே இப்போது லாரிகள் நிற்கின்றன.

சில வருடங்களுக்கு முன் அக்கா தவறியபோது அன்னூருக்குப் போனேன். அடக்கம் முடிந்து எல்லோரும் குளித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா தம்பியின் மருமகளிடம், பெட்டியில் பழுப்புத் தாள் கட்டு ஒன்று இருந்திருக்குமே என்று கேட்டேன்.

"ஆமாங்க, வெறும் காயிதக் கட்டு. அத வெச்சுத்தான் தண்ணி அடுப்பு பத்த வெச்சோம்" என்றாள் அந்தப் பெண். "ஏனுங்க, வேணுமா இருந்துச்சுங்களா?"

"இல்லீங்க" என்றேன்.

சாயங்கால பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பஸ் கிளம்பி ஊரைத் தாண்டுகிற சமயம், ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை, அந்தப் பெயரை வாய்விட்டுக் கூப்பிட்டேன், எழுத்து விட்டுப்போன பெயரை. தபால்காரர் ராகம் எனக்கு வரவில்லை. பக்கத்து சீட்டு அம்மாள் பதறிப்போய் என் கையைப் பிடித்தார்.

"ஏனுங்க அம்மணி, ஆரையாச்சும் உட்டுப்போட்டு வந்துட்டீங்களா? வண்டிய நிறுத்தச் சொல்லட்டுங்களா?"