அப்பா நடந்த நடை

கொடைக்கானலில் அனிமேஷன் வகுப்பில் சேர்ந்த இரண்டாவது மாதம், ஒரு மனிதனை நடக்க வைக்கச் சொன்னார் எங்கள் சார். மதுரைக்காரர், நல்ல வெயில் அடிக்கிற அன்றும் மஃப்ளரைக் கழற்ற மாட்டார். நான் மூன்று நாள் மெனக்கெட்டுக் கணினியில் ஒரு ஆளை வரைந்து, கைகால்களைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி வைத்து, ஓடவிட்டேன். நடந்தான். ஆனால் வலது கால் முன்னே போகும்போது வலது கையும் கூடவே போனது. இடது காலுக்கு இடது கை. வகுப்பே சிரித்தது.

"உலகத்துல எந்த மனுசனாவது இப்படி நடப்பானாம்மா? வலது கால் போனா இடது கைதான் முன்னாடி வரும். வீட்ல யாரையாவது நடக்கச் சொல்லி செல்போன்ல எடுத்துப் பாரு" என்றார் சார்.

வீட்டில் அப்பாதான் எளிதில் சிக்குவார். சுற்றுலா வேன் ஓட்டுகிறவர். அன்றைக்குச் சவாரி இல்லை. விஷயத்தைச் சொன்னதும் உள்ளே போனவர், கால் மணி நேரம் கழித்துக் கல்யாணச் சட்டையும் பவுடருமாக வெளியே வந்தார்.

"சும்மா நடங்கப்பா. எப்பவும் நடக்கிற மாதிரி."

"எப்பவும் எப்படிம்மா நடப்பேன்?"

ஐம்பது வயதில் முதல்முறையாக அதை யோசித்தார். நெஞ்சை நிமிர்த்தி வலது காலை எடுத்து வைத்தார். வலது கையும் கூடவே வந்தது. அச்சு அசல் என் கணினி ஆள்! ஏழு தடவை எடுத்தேன். ஏழு தடவையும் அப்படியே. வாசலில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்த அம்மா, "வெரசா முடிங்க. எதிர்வீட்டுல பாத்தா உங்கப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டுப் போகச் சொல்லப் போறாங்க" என்றாள்.

மறுநாள் வீடியோவைச் சாரிடம் காட்டினேன். "சார், எங்கப்பா இப்படித்தான் நடக்கிறாரு."

"கேமராவைப் பாத்துப் பதறிட்டாரும்மா. இங்க பாரு, நடைன்னா இவ்ளோதான்" என்று எழுந்து நடந்தார். பன்னிரண்டு பேரும் அவர் கைகால்களையே உற்றுப் பார்த்தோம். மூன்றாவது அடியில் வலது கையும் வலது காலும் கூட்டுச் சேர்ந்துகொண்டன. நின்றார். மஃப்ளரைச் சரிசெய்தார். முதலிலிருந்து நடந்தார். மறுபடியும் அதே.

"எல்லாரும் டீ குடிச்சிட்டு வாங்க" என்றார். வகுப்பு தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் அப்பா வீட்டு வாசலில் வேனைச் சுற்றிச் சுற்றி நடந்தபடி போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். "வெள்ளனே போய் நின்னேன், லாட்ஜ்ல ஒரு ஆளையும் காணோம். எனக்கு வேற சோலி இல்லையா?" ஒரு கை காதில் இருந்தது. மற்றது, யாரும் சொல்லிக்கொடுக்காமலே, எதிர்க்காலுக்கு ஏற்ப அழகாக வீசியது. ஜன்னல் திரைக்குப் பின்னாலிருந்து படம் பிடித்துவிட்டேன். அதைப் பார்த்துத்தான் புதிதாக வரைந்தேன்.

"இதுதான் நடை! ஆனா கையில போன் எதுக்கு?" என்றார் சார்.

"அது இல்லைன்னா அவருக்கு நடக்க வராது சார்."

வீட்டில் அப்பாவிடம் காட்டினேன். தன் தொப்பையை அடையாளம் கண்டுகொண்டார். திரையில் அந்த ஆள் நடந்துகொண்டே இருந்தான். அப்பா வெகுநேரம் பார்த்தார்.

"இம்புட்டு நேரமா நடக்கிறேன், ஒரு அடிகூட நகரலையே?"

"ரோட்டை நகர்த்துறது அடுத்த மாசப் பாடம்பா."

"அதுவரைக்கும் இங்கயே நடந்துக்கிட்டுக் கெடக்கணுமா?" என்றார், நிஜமான வருத்தத்துடன்.