இறக்கத்தில் போட்ட அம்புகள்

என் வீட்டுக்காரரின் தம்பிக்கு ஊரில் ரேடியோ என்றுதான் பேர். கல் உடைக்கிற கிரஷரில் டிப்பர் லாரி ஓட்டியவர். எங்கள் மலைச்சரிவில் போகிற சரளை ரோடுகளில் பாதிக்கு மேல் அவர் கொண்டுவந்து கொட்டிய சரளைதான். பின்பெட்டி தூக்கிச் சரளை சரிகிற சத்தத்தையும் மீறி அவர் பேச்சு கேட்கும். வேலை முடிந்தால் லாரியைக் கீழே கிரஷரில் விட்டுவிட்டு சைக்கிளில் ஏற்றம் ஏறி வீட்டுக்கு வருவார். அப்போதும் பேசிக்கொண்டேதான் வருவார். கூட ஆள் இருக்க வேண்டும் என்ற கட்டாயமெல்லாம் கிடையாது.

அந்த ஏற்றத்தில்தான் ஒரு நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கடவுள் புண்ணியம், பின்னாலேயே பால் வண்டி வந்தது. ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். சில மாதம் கழித்து டாக்டர் பரிசோதித்துவிட்டு, "இனிமே நடக்கலாம், சைக்கிளும் ஓட்டலாம். ஏத்தத்துல மட்டும் நிதானமா போங்க. பேசிக்கிட்டே ஏறுங்க. பேச்சு வரலைன்னா நின்னுடுங்க, அவ்வளவுதான்" என்றார்.

"இவருக்கு இதைவிட சுலபமான வைத்தியம் உண்டா டாக்டர்?" என்று தம்பியின் மனைவி, என் ஓரகத்தி, சிரித்தாள்.

தம்பி சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்தவர் ஏற்றம் ஏறுவதை விட்டார். லாரியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஜன்னல் ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து ரோட்டையே பார்ப்பார். பேச்சும் நின்றுபோனது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அந்தப் பக்கம் சத்தமே இல்லையென்றால் இந்தப் பக்கம் எனக்குக் கை வேலை ஓடாது. காலையில் எழுந்ததும் கொஞ்ச நேரம் கண்ணை மூடி உட்காருவது என் வழக்கம். அந்த மாதங்களில் எனக்கென்று எதுவும் கேட்கவில்லை. ஆண்டவனே, சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சுச் சத்தம் கேட்கட்டும் என்று மட்டும் கேட்டேன்.

அப்போதுதான் டவுனிலிருந்து கணக்கு டீச்சர் வந்தார். அவரும் அவர் சிநேகிதர்களும் தார் ரோட்டில் சைக்கிள் ஓட்டி அலுத்துப்போனவர்கள். சரளையில் ஓட்டுவதற்கென்றே தடித்த டயர் போட்ட சைக்கிள் வைத்திருந்தார்கள். அடிவாரத்தில் கிளம்பி, காட்டுப் பாதைகளைச் சுற்றி, உச்சிவரை ஒரு கூட்டமாக ஏற வேண்டும் என்று அவர்களுக்கு ஆசை. மலையில் போனுக்கு சிக்னல் கிடைக்காது. பாதை பிரிகிற இடங்களில் கல்லில் அம்புக்குறி போட்டு வைக்க, இந்த ரோடெல்லாம் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்.

தம்பி சரி என்றதும் எனக்கு உயிர் வந்தது. வெள்ளைப் பெயின்ட் டப்பாவும் பிரஷுமாகத் தினமும் காலையில் பால் வண்டியில் கிளம்பினார். சைக்கிளையும் பால் கேன்களுக்கு நடுவில் ஏற்றிக்கொள்வார். உச்சியில் இறங்கி, அங்கிருந்து உருண்டு வந்து, ஒவ்வொரு பிரிவிலும் நின்று அம்பு போடுவார். அடிவாரம் வரை போட்டுவிட்டு, மேலே ஏறுகிற பால் வண்டியிலேயே மதியத்துக்குள் வீட்டுக்கு வந்துவிடுவார். முழங்கை வரை பெயின்ட். இரண்டு மூன்று வார்த்தை பேசவும் ஆரம்பித்தார்.

கூட்டம் வருவதற்கு இரண்டு நாள் முன்னால் கணக்கு டீச்சர் தனியாக ஓட்டிப் பார்க்க வந்தார். எங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்தபோது முட்டி வரை சேறு. தலைக்கவசத்தில் முள் குத்திக்கொண்டு நின்றது.

"என்ன டீச்சர், கோலம் இது?" என்றாள் என் ஓரகத்தி.

"ஒரு ஆட்டுப் பட்டிக்குள்ள போயிட்டேன். அப்புறம் பழைய குவாரிக்குள்ள. ஆடுங்க என்னைப் பார்த்த பார்வையிலயே தெரிஞ்சுது, இது பாதை இல்லைன்னு." தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டுத் தம்பியைப் பார்த்தார். "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. அம்பெல்லாம் கரெக்டாதான் இருக்கு. ஆனா ஒவ்வொரு தடவையும் தப்பான பக்கம் போயிட்டு, திரும்பிப் பார்த்தா, என் முதுகுக்குப் பின்னால அம்பு இருக்கு."

தம்பிக்குப் புரியவில்லை. டீச்சர் வாசலில் கிடந்த கல்லை நிறுத்தி வைத்துக் காட்டினார். போக வேண்டிய பக்கத்தைத்தான் அம்பு காட்டியது. ஆனால் எல்லா அம்பும் கல்லில் உச்சியைப் பார்த்த முகத்தில் இருந்தது. உச்சியிலிருந்து இறங்குகிறவனுக்குத் தெரியும். கீழேயிருந்து ஏறி வருகிறவர்களுக்கு வெறும் கல்தான்.

"ஏறி வரும்போது உங்க கண்ணுல படலையா அண்ணே?" என்றார் டீச்சர், ஒன்றும் தெரியாமல்.

ஓரகத்தி கையில் செம்பை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். தம்பி பெயின்ட் காய்ந்த தன் விரலையே பார்த்தார்.

"நான் ஏறவே இல்லை டீச்சர்" என்றார். "எல்லாத்தையும் இறங்கித்தான் போட்டேன்."

டீச்சர் எங்கள் முகங்களைப் பார்த்துப் புரிந்துகொண்டிருக்க வேண்டும். "அதனால என்ன, நானே நாளைக்கு வந்து போட்டுடறேன்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் இந்த வேலையும் கையை விட்டுப் போனால் தம்பி மறுபடி அந்த ஜன்னலுக்குத்தான் போவார்.

தம்பி வாசலில் நின்ற கல்லைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "வேண்டாம். நாளைக்குள்ள சரி பண்ணிடறேன்" என்றார்.

டீச்சர் போனதும் ஓரகத்தி என்னைக் குழாயடிக்கு இழுத்தாள். "அக்கா, நீங்க கூடப் போங்க. நான் போனா வழியெல்லாம் சண்டைதான் போடுவேன். எனக்குப் பயமா இருக்கு."

மறுநாள் காலையில் பால் வண்டியிலேயே அடிவாரத்துக்கு இறங்கிப் போனோம். அவர் சைக்கிளைத் தள்ளினார். நான் பெயின்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டேன். முதல் கல், இரண்டாவது கல் சுலபமாகத்தான் இருந்தது. அப்புறம் அவர் உட்கார்ந்துபோன அந்த வளைவு வந்தது. அங்கே அவர் கால் நின்றுவிட்டது. மூச்சு வாங்கவில்லை. சும்மா நின்றார்.

"தம்பி, ஏதாவது பேசுங்க" என்றேன்.

"என்ன பேச?"

"எது வேணும்னாலும்."

"நீங்க வாய்க்குள்ள முணுமுணுக்கிறதை முதல்ல நிறுத்துங்க அண்ணி. எனக்கே அந்திம காலம் மாதிரி இருக்கு."

நான் வேண்டிக்கொண்டிருந்தது வெளியே கேட்டிருக்கிறது. நிறுத்தினேன், உள்ளுக்குள் நிறுத்தவில்லை.

"இந்த இடத்துலதான்" என்றார். "தினமும் பால் வண்டியில இதைத் தாண்டும்போது கண்ணை மூடிக்குவேன். டிரைவர் தூங்குறேன்னு நினைச்சுக்கிட்டான்."

"இப்ப திறந்துதானே இருக்கு?"

"இப்ப கண்ணை மூடினா சைக்கிள் பள்ளத்துல போயிடுமே."

ஒரு அடி வைத்தார். அடுத்தது வைத்தார். பிறகு தானாகவே ஆரம்பித்தார்: இந்த வளைவில் சரளை கொட்டிய நாளில் மழை பிடித்துக்கொண்டது, பாதிச் சரளை ஓடையோடு போனது, மேஸ்திரி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார், இவர் மட்டும் லாரிக்குள் பன் தின்றுகொண்டிருந்தார். அந்தக் கதையை நூறு தடவை கேட்டிருப்பேன். அன்றைக்குக் கேட்டது போல இனிப்பாக எதுவும் என் காதில் விழுந்ததில்லை. ஒவ்வொரு கல்லிலும் நின்று, குனிந்து, அடிவாரத்தைப் பார்த்த பக்கம் அம்பு போட்டார். பட்டிக்குப் பிரிகிற இடத்தில், "டீச்சருக்காக இங்க கொஞ்சம் பெரிசா போடுவோம்" என்று கல் முழுக்க அடித்தார்.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே ரோடு சுவர் மாதிரி நிமிர்ந்து நிற்கும். அங்கே அவர் கதை மேஸ்திரியின் மகள் கல்யாணம் வரை வந்துவிட்டது. என் பதில் நின்றுபோனதைக் கவனித்துத் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணி, பேசுங்க."

நான் கையை மட்டும் காட்டினேன்.

"பேச்சு வரலைன்னா நிக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. அந்தக் கல்லுல உக்காருங்க. ஈரப் பெயின்ட், அந்தப் பக்கம் பார்த்து."

கடைசி அம்பை அவர் தனியாகப் போய்ப் போட்டுவிட்டு வந்தார். நான் உட்கார்ந்து மூச்சு வாங்கினேன். கீழே நாங்கள் வந்த ரோடு வளைந்து வளைந்து கிடந்தது. ஆண்டவனுக்கு நன்றி சொல்ல வாயைத் திறந்தால் அதற்கும் மூச்சு வரவில்லை.

அடுத்த நாள் டீச்சரும் கூட்டமும் ஒருவர்கூடப் பட்டிக்குள் போகாமல் ஏறிப் போனார்கள். அதற்கு மறுநாள் காலையில் பால் வண்டி வழக்கம்போல வாசலில் நின்று ஹாரன் அடித்தது. தம்பி சைக்கிளோடு வெளியே வந்து, அதை ஏற்றத்தின் பக்கம் திருப்பி நிறுத்தி, போகச் சொல்லிக் கையசைத்தார். டிரைவர் புரியாமல் இன்னொரு தடவை அடித்தான்.

"நீ போப்பா" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள் என் ஓரகத்தி. "கேட்க ஆரம்பிச்சா அந்தச் சரளைக் கதையைச் சொல்லுவாரு. பால் திரிஞ்சு போயிடும்."