சாண் நீளச் சுருட்டை

எங்கள் காட்டில் சாரைப் பாம்பைக் கண்டால்தான் எல்லோரும் ஓடுவோம். ஆள் நீளம் இருக்கும், வேகமாகப் போகும். சுருட்டை விரியனை யாரும் பெரிதாக நினைத்ததில்லை. சாண் நீளம், மண் நிறம். களைக்கொத்தால் அடித்துத் தள்ளிவிட்டு வேலையைப் பார்ப்போம்.

பனமரத்துப்பட்டிக்குப் பக்கத்தில் எங்களுக்கு மானாவாரி நிலம். இரண்டாவது உலக யுத்தம் வருவதற்குச் சில வருஷங்களுக்கு முன், ஐப்பசியில் நிலக்கடலை பிடுங்கும்போது என் கொழுந்தனாரின் மனைவி செடியோடு சேர்த்து ஒரு சுருட்டையைப் பிடித்துவிட்டாள். புறங்கையில் கடித்தது. பொடிப் பாம்புதானே என்றோம். அவளும் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு பொழுது சாயும்வரை பிடுங்கினாள்.

மறுநாள் காலை பல் விளக்கும்போது ஈறில் இரத்தம் கசிந்தது. நிற்கவேயில்லை. கை முழங்கைவரை வீங்கியிருந்தது. சேலம் ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி பூட்டினார்கள். அதற்குள் அவளுடைய கைக்குழந்தை பாலுக்கு அழுதான். அவள் அவனை மடியில் எடுத்ததும் மாமியார் தடுத்தார்.

"விசம் ஏறுன பாலு. குடுக்காத சாமி."

அவள் என்னைப் பார்த்தாள். என் மகள் அப்போது இன்னும் பால் மறக்கவில்லை. "அக்கா, நீங்க குடுங்க" என்று பையனை என்னிடம் நீட்டினாள். அவள் கண்ணெதிரிலேயே கொடுத்தேன். அதைப் பார்த்துவிட்டுத்தான் வண்டியில் ஏறினாள்.

இதற்கென்று தங்களிடம் மருந்து இல்லை, இரத்தம் உறையத் தொடங்கினால் பிழைப்பாள் என்று டாக்டர் சொன்னாராம். கொழுந்தனார் ஊருக்கு வரும்போதெல்லாம் வாயைத் திறக்குமுன் அவர் முகத்தைத்தான் பார்ப்போம். மிச்சமிருந்த கடலையைப் பிடுங்க ஆள் யாரும் வரவில்லை. கூப்பிடவும் எங்களுக்கு மனம் வரவில்லை.

ஒருநாள் அவர் வாசலில் நின்றபடியே, "ரத்தம் நின்னுருச்சுங்க, அண்ணி" என்றார். தலைத்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

கார்த்திகையில் அவள் வீடு திரும்பினாள். ஆளே பாதியாகியிருந்தாள். குழந்தையை வாங்கக் கை நீட்டினாள். அவன் வீறிட்டு அழுது என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

அவள் நீட்டிய கையை இழுத்துக்கொண்டு, "உங்ககிட்டயே இருக்கட்டுங்க அக்கா. உசுரோட இருக்கறானே, அது போதும்" என்றாள்.

எனக்கு அது பொறுக்கவில்லை. அன்று முதல் அவளை ஒட்டி உட்கார்ந்துதான் அவனுக்குப் பால் கொடுத்தேன். பாதி உறக்கத்தில் அவள் மடிக்கு மாற்றுவேன். விழித்தால் அழுவான். திரும்ப வாங்கிக்கொள்வேன். தை பிறந்த பிறகுதான் அவளிடம் அழாமல் தூங்கினான். அவளுக்குப் பால் மட்டும் திரும்பச் சுரக்கவில்லை.