சாப்பிட வாறீங்களா, பேச வாறீங்களா?

ஓட்டல் டேபிளை போனிலேயே புக் பண்ணும் சாஃப்ட்வேரை எழுதினது யாரென்று தெரியாது. ராஜபாளையத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெளியே சாப்பிட்டவர் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

ப்ளஸ் டூவில் கணக்கு போச்சு. மறுபடி எழுதப் பொறுமை இல்லை. ஏசி ஹாலில் ஆறு டேபிள், ஒரு டேப்லெட், நான். எந்த டேபிள் எப்போது காலி என்று திரையில் காட்டுவது என் வேலை. முதலாளி அண்ணாச்சி முதல் நாளே சொல்லிவிட்டார்: புக் பண்ணி வந்தவரை நிற்க வைப்பது மூன்று தடவை நடந்தால் டேப்லெட்டும் போகும், நானும் போவேன். போனால் அம்மாகூட மில்லுக்குத்தான். பஞ்சுத் தூசி எனக்கு ஆகாது, மூச்சு இழுக்கும். போன் எடுத்து இடம் ஒதுக்குகிற வேலையில் இருக்கிறவர்களுக்கு இந்தப் பயம் புரியும்.

துண்டு

முதல் ஞாயிறு. மூணாம் நம்பர் டேபிள் ஒரு மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் வாத்தியார் ஒருவருக்கு. ஐந்து நிமிடம் முன்னால் பார்த்தால் நாலு சேரிலும் ஆள் இல்லை. துண்டு, தண்ணி பாட்டில், ஹெல்மெட், மஞ்சப்பை. பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிற மாதிரி ஒரு தேவதானத்துக்காரர் போட்டுவிட்டு, குடும்பத்தைக் கூட்டிவரப் போயிருக்கிறார். அவர் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்ததும் வாத்தியார் போனை நீட்டி, புக் பண்ணின மெசேஜைக் காட்டினார். நானும் எழுந்திருக்கச் சொன்னேன். தேவதானத்துக்காரர் அசையவில்லை.

“மெசேஜ் உங்க போன்ல இருக்கு சார். துண்டு சேர்ல இருக்குல்லா.”

ஜாதகம்

அண்ணாச்சி கல்லாவிலிருந்து ஒரு விரலைக் காட்டினார். அடுத்த வாரமே இரண்டாவது விரல்.

சாஃப்ட்வேர் எல்லோருக்கும் ஒன்றரை மணி நேரம் போடும். பரோட்டாவுக்கு இங்கே இருபது நிமிடம் போதும். ஆனால் நாலு பேர் என்று புக் பண்ணி ஒன்பது பேர் வந்தார்கள், பெண் வீடும் மாப்பிள்ளை வீடும். ஆளுக்கு ஒரு காபி. இரண்டு மணி நேரம் ஆயிற்று. அடுத்து புக் பண்ணினவர்கள் வாசலில் நிற்கிறார்கள். “முடிஞ்சிருச்சா?” என்று நேராகவே கேட்டேன். மாப்பிள்ளையின் சித்தப்பா சிரித்தார்.

“ஜாதகமே இன்னும் பையை விட்டு வெளிய வரல பாப்பா. இன்னொரு காபி சொல்லு.”

ஒரே கேள்வி

அன்றிலிருந்து யார் புக் பண்ணினாலும் நானே போன் போட்டு ஒன்று கேட்பேன்: “சாப்பிட வாறீங்களா, பேச வாறீங்களா?” சாப்பிட என்றால் முக்கால் மணி நேரம், பேச என்றால் மூன்று மணி நேரம். மரியாதை இல்லாத கேள்விதான். ஆனால் வேலை செய்தது. ஆலங்குளத்துக்காரர் ஒருவர் மட்டும் நன்றாக யோசித்துவிட்டுச் சொன்னார்.

“மச்சினன் கூட வாரான்மா. அவன் பேசுவான், நான் சாப்பிடுவேன்.”

ஏழு வருசம்

சேத்தூர் விவசாயி ஒருவர் இரண்டு பேருக்கு, பகல் பன்னிரண்டுக்கு புக் பண்ணினார். அதே கேள்வி. “அண்ணன்கூட வாரேன். பேசி ஏழு வருசம் ஆச்சு. சாப்பிட்டுட்டு எந்திரிச்சிருவோம்” என்றார். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு மணி நேரம் போட்டேன். ஒரு மணிக்கு அதே டேபிளில் ஒரு பிள்ளைக்குப் பிறந்தநாள்.

இருவரும் இலையைப் பார்த்தே சாப்பிட்டார்கள். கை கழுவப் போன அண்ணன், அப்படியே வாசலுக்குப் போகாமல் திரும்பி வந்து உட்கார்ந்தார். “ஏலே, கிணத்து மோட்டார் ஓடுதா?” தம்பி அழ ஆரம்பித்தார்.

சரியாக ஒரு மணி. கேக் டப்பாவும் இரண்டு பிள்ளைகளுமாக ஒரு அக்கா வந்து நின்றார். மற்ற ஐந்து டேபிளும் நிறைந்திருந்தது. அண்ணாச்சி மூன்று விரலைத் தூக்கினார். ‘நேரம் ஆச்சு’ என்று சொன்னால் போதும், வேலை தப்பும். பக்கத்தில் போனேன். அண்ணன் தம்பியின் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். திரும்பி வந்துவிட்டேன்.

“தப்பு என்னோடதுக்கா. அவிய ஏழு வருசம் கழிச்சு இப்பதான் பேசுதாவ. நான் எழுப்ப மாட்டேன்” என்றேன். அந்த அக்கா டேபிளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு கல்லாவுக்குப் போய் கேக்கை வைத்தார்.

“இங்கனயே வெட்டிக்கிடுதோம் அண்ணாச்சி. நீங்க விரலை மடக்கிட்டு அந்த பில் புக்கைச் செத்த நகட்டுங்க.”

விரல் மடங்கியது, நானும் மில்லுக்குப் போகவில்லை. ஆனால் பேச வருகிறவர்கள் எப்போது எழுந்திருப்பார்கள் என்று காட்டுகிற சாஃப்ட்வேர் எங்காவது இருந்தால் எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.