எழுதிக் கொடுத்த தவறு

ஏற்காட்டில் ஒரு சிறிய தனியார் மருத்துவமனையில் நான் நர்ஸ். அன்று காலை பஸ் வந்ததும் கூட்டம் நெரித்தது. கொட்டச்சேட்டிலிருந்து காய்ச்சலோடு வந்திருந்த எஸ்டேட் தொழிலாளி லட்சுமியம்மாவுக்கு ஊசி போடப் போனேன்.

"ஏனுங்க சிஸ்டர், இது என்ன மருந்துங்க?" என்றார்.

"டாக்டர் எழுதினதுதாம்மா. கையை நீட்டுங்க."

"என் ஒடம்புக்குள்ள போறதுங்க. கேக்கறதுக்கு எனக்கு உரிமை இருக்குதுங்களே!"

எரிச்சலோடு சீட்டைப் படித்தேன். பெயர் லட்சுமிதான், ஆனால் வயது இருபத்திரண்டு. எதிரே இருந்தவருக்கோ ஐம்பதாவது இருக்கும். அவருடைய சீட்டைத் தேடி எடுத்தேன். 'பெனிசிலின் ஒவ்வாது' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. என் கையிலிருந்தது பெனிசிலின்.

ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். மனம் கேட்கவில்லை. உள்ளதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"மன்னிப்பு இருக்கட்டுங்க. நடந்ததை என் சீட்டுல எழுதிக் குடுங்க."

நடந்ததை அப்படியே எழுதினேன். டாக்டர் என்னைத் திட்டிவிட்டு, கீழே கையெழுத்துப் போட்டார். எழுதியதை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்ட லட்சுமியம்மா, சிரித்தபடி கையை நீட்டினார்.

"செரி கண்ணு, இப்ப என் ஊசியப் போடு."

"நானேவாம்மா?"

"இன்னிக்கு உன்னையவிடப் பாத்துப் போடறவங்க ஆரு?"

காத்திருந்தவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

இப்போதெல்லாம் பெயர், வயது, மருந்து மூன்றையும் சொன்ன பிறகுதான் ஊசியை எடுக்கிறேன். "நொம்பப் பேசறீங்க சிஸ்டர்" என்று சலித்துக்கொள்பவர்களும் உண்டு. முன்பெல்லாம் கேள்வி கேட்பவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். இப்போது அவர்களுக்கு நாற்காலி போட்டு உட்காரவைக்கத் தோன்றுகிறது.