சவரிமுத்து பந்து கொடுக்காத நாள்

இலங்கையில் யட்டியாந்தோட்டைக்கு மேலே, ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே துரைமார் கிளப் ஒன்று இருந்தது. அதற்கு ஒன்பது குழிகள் கொண்ட கோல்ஃப் மைதானமும் உண்டு. மைதானம் என்றதும் சமதரை என்று நினைத்துவிடக் கூடாது. மூன்றாவது குழிக்கு மூச்சு வாங்க ஏற வேண்டும். ஆறாவதில் பந்து ஓடைக்குள் போனால் அட்டைக்கு ரத்தம் கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். சவரிமுத்து காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு, சனி ஞாயிறு பிற்பகல்களில் அங்கே துரைமாருக்கு மட்டைப் பை தூக்கினார். கூலிக்குத் தூக்கினாலும் கண்ணை மூடிக்கொண்டு தூக்கவில்லை. எவரோ உடைத்து எறிந்த மட்டையை ஒட்டவைத்து, ஆளில்லாத நேரத்தில் தானே ஆடிப் பழகிக்கொண்டார்.

வருஷத்துக்கு ஒரு நாள் பை தூக்குகிறவர்களுக்கென்றே கிளப் ஒரு போட்டி வைக்கும். அன்றைக்குத் துரைமார் மட்டைகளை இரவல் தருவார்கள். ஒருவரோடு ஒருவர் மோத வேண்டும், தோற்றவர் வெளியே. மொத்தம் எத்தனை தடவை அடித்தோம் என்ற கணக்கு இதில் கிடையாது. ஒவ்வொரு குழியும் தனித் தகராறு. குறைவாக அடித்துப் பந்தைக் குழிக்குள் தள்ளியவருக்கு அந்தக் குழி சொந்தம்.

இந்த ஆட்டத்தில் ஒரு பழக்கம் உண்டு. எதிராளியின் பந்து குழிக்குப் பக்கத்தில், எப்படியும் விழுந்துவிடும் என்ற தூரத்தில் கிடந்தால், "எடுத்துக்கங்க" என்று சொல்லிவிடலாம். போட்டதாகவே கணக்கு. மட்டையின் ரப்பர்ப் பிடி எவ்வளவு நீளமோ அதற்குள் கிடந்தால் கொடுத்துவிடுவது மரியாதை. ஆனால் சட்டம் மரியாதையைப் பற்றிப் பேசுவதில்லை. கொடுப்பதும் கொடுக்காததும் எதிராளியின் இஷ்டம். கொடுத்த பிறகு மட்டும் பேச்சு மாறக் கூடாது. கொடுத்தவர் திருப்பிக் கேட்க முடியாது, வாங்கியவர் வேண்டாம் என்று சொல்லவும் முடியாது.

துரைமார் ஒருவருக்கொருவர் கொடுப்பதில் மகா தாராளம். பியர் சூடாகிவிடும் என்ற அவசரம் அவர்களுக்கு. பந்து குழியின் வாசனை பிடித்தாலே "குட், குட்" என்பார்கள். சவரிமுத்து குனிந்து எடுத்துவிடுவார். அந்தக் குனிகிற பழக்கம்தான் 1996இல் அவருடைய கழுத்தை அறுத்தது. அன்று இறுதி ஆட்டம். எதிரே பக்கத்துத் தோட்டத்து லொறி டிரைவர் ரொபர்ட், அவரும் சனி ஞாயிறுகளில் இங்கே பை தூக்குகிறவர். கடைசிக் குழியில் சவரிமுத்துவின் பந்து ஒரு சாண் தூரத்தில் கிடந்தது. அவருடைய கை தானாகப் போய் அதை எடுத்துவிட்டது.

"நான் வாயத் தொறக்கவே இல்லியே அண்ணே" என்றார் ரொபர்ட்.

தண்டனையாக ஓர் அடி கூடியது, குழி போனது, கோப்பையும் போனது. அதற்குப் பிறகும் சவரிமுத்து விடவில்லை. ஒவ்வொரு வருஷமும் ஆடினார், ஒவ்வொரு வருஷமும் யாரிடமாவது தோற்றார். தோற்று வந்த அன்று வீட்டில் ரசம் உப்பு கரித்தாலும் கண்டுகொள்ள மாட்டார்.

2003இல் மறுபடி இறுதி ஆட்டம், மறுபடி ரொபர்ட். ஆனால் இந்தத் தடவை ரொபர்ட் சம்மந்தி ஆகப்போகிறவர். அவருடைய மகன் நெல்சனும் சவரிமுத்துவின் மகள் ரோஷானியும் கோயில் திருநாளில் பார்த்துப் பழகியவர்கள். பிள்ளைகள் முடிவு செய்த பிறகு பெரியவர்கள் பேசினார்கள். பேசினார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது. ரொபர்ட் கேட்டார், சவரிமுத்து தலையாட்டினார், அவ்வளவுதான். கல்யாணம் எங்க ஊர்க் கோயிலில் என்றார்கள், சரி. விருந்தும் எங்க பக்கம் என்றார்கள், அதுவும் சரி. பெண்ணைப் பெற்றவன் வேறென்ன சொல்வான் என்று சவரிமுத்து தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

கடைசியாக ஒன்று கேட்டார்கள். ரோஷானி வேலையை விட வேண்டும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் நியமனம் வாங்கி இன்னும் ஈரம் காயவில்லை. தொழிலாளர் லயத்துக் குப்பி விளக்கில் படித்து வாங்கிய வேலை. "எங்க வீட்டு மருமக தெனம் பஸ்ஸுல தொங்கிக்கிட்டுப் போறது நல்லா இருக்காதுங்க" என்றார் ரொபர்ட். சவரிமுத்துவால் அதற்கு மட்டும் தலையாட்ட முடியவில்லை. முடியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. மகள் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை பல நாள் அவரைத் தூங்கவிடவில்லை.

போட்டி அன்று காலை மனைவி தெரேசம்மா சட்டையை நீட்டிக்கொண்டே சொன்னாள்: "ஏங்க, ரெண்டு மூணு பந்து அவருக்கு விட்டுக் குடுங்க. பொண்ணு குடுக்கிற எடம்."

"ஒண்ணு கூட குடுக்கிறதா இல்ல தெரேசு" என்றார் சவரிமுத்து.

அவர் வீம்புக்குச் சொல்லவில்லை. ரொபர்ட்டின் வித்தை அவருக்கு அத்துப்படி. முதல் குழிகளில் எல்லாப் பந்தையும் தாராளமாகக் கொடுப்பார். எதிராளியின் கைக்குச் சின்னப் பந்து போடுகிற பழக்கமே விட்டுப்போகும். கடைசியில் முக்கியமான பந்து வரும்போது மரம் மாதிரி நிற்பார். அன்றைக்கும் அப்படித்தான் ஆரம்பித்தார். முதல் குழியிலேயே "எடுத்துக்கங்க சம்மந்தி" என்று சிரித்தார். சவரிமுத்து எடுத்துக்கொண்டார். பிறகு ரொபர்ட்டின் பந்து ஒரு சாணில் கிடந்தபோது வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ரொபர்ட் காத்திருந்தார். "இதுக்குமா?" என்றார்.

"போடுங்க சம்மந்தி."

போட்டார். இரண்டாவதிலும் சவரிமுத்து அவரைப் போட வைத்தார், மூன்றாவதிலும் போட வைத்தார். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். ரோஷானிக்குப் பக்கத்தில் நின்ற தெரேசம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். ஐந்தாவது குழியில் ரொபர்ட் ஒரு முழப் பந்தைத் தவறவிட்டார். ஏழாவதில் அதைவிடக் கிட்டக் கிடந்ததையும் விட்டார். ரொபர்ட்டின் மச்சான்மாரே சிரித்துவிட்டார்கள். தூர அடியில் ரொபர்ட் கெட்டிக்காரர் என்பதால் இவ்வளவுக்கும் பிறகு ஒரு குழி முன்னால்தான் இருந்தார். ஆனால் முகம் கறுத்துப் போயிருந்தது.

எட்டாவதிலிருந்து நடக்கும்போது வேண்டுமென்றே கேட்டார்: "புள்ளைய எப்ப வேலைய விடச் சொல்றீங்க? இன்னும் பதில் சொல்லலியே."

"ஆட்டம் முடியட்டும், சொல்றேன்" என்றார் சவரிமுத்து.

ஒன்பதாவது, கடைசிக் குழி. சவரிமுத்து நான்காவது அடியில் முடித்துவிட்டார். ரொபர்ட் மூன்று அடித்திருந்தார். பந்து குழிக்கு ஒரு முழத்துக்கு மேலே, சரிவில் நின்றது. இதைப் போட்டால் இந்தக் குழி சமம், கோப்பை ரொபர்ட்டுக்கு. தவறினால் ஆட்டமே சமம், இன்னொரு குழி ஆட வேண்டும். ரொபர்ட் மட்டையைப் பிடித்தார். கை நடுங்கியது. விலகி நின்று வேர்வையைத் துடைத்துவிட்டு மறுபடி பிடித்தார், மறுபடி நடுங்கியது. இந்தப் பந்து விழாது, இந்தக் கையோடு அடுத்த குழியையும் இவரால் ஜெயிக்க முடியாது என்று சவரிமுத்துவுக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை வருஷம் ஏங்கிய கோப்பை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

அவர் சுற்றிப் பார்த்தார். நெல்சன் தகப்பனைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்திருந்தான். சொந்தக்காரர்கள் முன்னால், பெண்ணைப் பெற்றவன் கையால் அவமானப்பட்ட மனிதன் அதை இங்கேயே விட்டுவிட்டா போவான்? வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவான். அந்த வீட்டு அடுப்படியில் நிற்கப் போவது ரோஷானி.  சவரிமுத்துவுக்கு அழுகை வந்தது என்றுகூடச் சொல்லலாம்.

"எடுத்துக்கங்க சம்மந்தி" என்றார்.

ரொபர்ட் நிமிர்ந்தார். "வேணாம். நான் போடுறேன்."

"குடுத்தாச்சு. வேணாம்னு சொல்ல முடியாது, அதான் சட்டம். கோப்பை ஒங்களுக்கு." சவரிமுத்து குரலைத் தாழ்த்தவில்லை. "பதில் கேட்டீங்களே, கேட்டுக்கங்க. இந்தப் பந்தக் குடுக்கிற பாத்தியம் எனக்கு இருந்திச்சு, குடுத்தேன். ரோஷானி வேலை என்னுது இல்ல, அவளுது. அதக் குடுக்க என்னால முடியாது. கோயில் ஒங்களுது, விருந்து ஒங்களுது, எல்லாம் சரிங்க. அவ வேலைய விடமாட்டா."

 தெரேசம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். ரொபர்ட் பந்தைப் பார்த்தார், சவரிமுத்துவைப் பார்த்தார். பிறகு, கல்யாணப் பேச்சு தொடங்கிய நாளிலிருந்து தான் ஒரு வார்த்தைகூடக் கேட்டிராத ரோஷானியிடம் திரும்பினார்.

"ஏம்மா, ஒங்க ஸ்கூல்ல ஆகஸ்ட் லீவு எப்ப விடுறாங்க?"

"மாசம் பொறந்ததும் விட்டுருவாங்க மாமா. எதுக்கு?"

"கல்யாணத்த அப்ப வச்சிட்டா நீ லீவு போட வேண்டி வராதில்ல" என்றார் ரொபர்ட்.